அப்பா காலத்து சோடா பேரை மாத்தச் சொல்லி நோட்டீஸ், என்ன பண்றது?

கேள்வி: கொருக்குப்பேட்டைல அப்பா 1994லேர்ந்து நடத்துன சோடா கம்பெனிய இப்ப நான் பாக்குறேன். அதே பேரை 2022ல டிரேட்மார்க் வாங்குன ஒரு கம்பெனி, 15 நாள்ல பேரை மாத்திட்டு உறுதிமொழி எழுதிக் குடுன்னு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிருக்கு. லேபிள் கலரும் அவங்களுது மாதிரியே இருக்குதாம்.

பதில்: தம்பி, மொதல்ல அந்த உறுதிமொழில கையெழுத்துப் போட்றாதீங்க. கோலி சோடா, பன்னீர் சோடாவுக்கெல்லாம் திரும்ப மவுசு வந்ததும் பழைய பேருக்கு திடீர்னு ஆளுங்க கிளம்புறாங்க, ஆனா பதிவு பண்ணிட்டாலே பேரு அவங்களுதாயிடாது. டிரேட்மார்க் சட்டம் 34வது பிரிவுப்படி, அவங்க பேரை யூஸ் பண்ண ஆரம்பிச்ச தேதி, பதிவு தேதி ரெண்டுல எது முந்தியோ அதுக்கும் முன்னாடியிருந்து நீங்க விடாம யூஸ் பண்ணிட்டு வந்தா உங்களைத் தடுக்க முடியாது. நம்ம திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா கேஸ்லயும் முன்னாடியே யூஸ் பண்ணவங்க உரிமைதான் பதிவை விடப் பெருசுன்னு 2015ல சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு.

இதுல "விடாம"ங்கறதுதான் உயிரு. நடுவுல ரெண்டு மூணு வருஷம் கம்பெனிய மூடி வச்சிருந்தா அதை மறைக்காம உங்க வக்கீல்ட்ட சொல்லிடுங்க. கார்ப்பரேஷன் லைசென்ஸ், லேபிள் அடிச்ச பிரஸ் பில்லு, பேரு போட்ட பழைய பாட்டில், கல்யாண ஆர்டர் நோட்டு, தண்டையார்பேட்டை ராயபுரம் பக்கம் உங்க சோடா வாங்குன கடைக்காரங்க பில்லு, எல்லாத்தையும் வருஷ வாரியா அடுக்குங்க, அப்பா பரண்ல போட்டு வச்ச பழைய கணக்கு நோட்டைத் தூக்கிப் போட்றாதீங்க, உங்களுக்கு அதுதான் பெரிய சாட்சி.

லேபிள் விஷயத்துல மட்டும் நான் உங்க பக்கம் இல்ல. புது லேபிளை அவங்க கலர்லயே நீங்க அடிச்சிருந்தா 34வது பிரிவு அதைக் காப்பாத்தாது, இன்னைக்கே நிறுத்திட்டு பழைய லேபிளுக்கே போயிடுங்க.

சும்மாவும் இருக்காதீங்க. அவங்க பதிவு பண்ணி விக்கிறது தெரிஞ்சும் 5 வருஷம் தொடர்ந்து பேசாம இருந்தா, 33வது பிரிவு உங்களுக்கே எதிரா திரும்பும், அப்புறம் அவங்க கெட்ட எண்ணத்தோட பதிவு பண்ணாங்கன்னு காட்டுனாதான் வழி. அதனால 57வது பிரிவுல அவங்க பதிவை ரத்து பண்ண கிண்டி டிரேட்மார்க் ஆபீஸ்லயோ ஹைகோர்ட்லயோ மனு போடலாம், கூடவே சோடா மாதிரி பானங்களுக்கான கிளாஸ் 32ல 1994லேர்ந்து யூஸ்னு அஃபிடவிட்டோட நீங்களும் அப்ளை பண்ணுங்க, தனி ஆளுக்கு ஆன்லைன்ல 4,500 ரூபா.

15 நாள் முடியறதுக்குள்ள வக்கீல் மூலமா பதில் போயிடணும், ஸ்பீட் போஸ்ட்ல, போய்ச் சேர்ந்ததுக்கான அத்தாட்சியோட.