எம்டன் ரீல்ஸ்: தேதியில் தொடங்காதீர்கள்

ராயபுரத்திலிருந்து, முதல் உலகப் போரில் சென்னை மீது குண்டு வீசிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் பற்றி ரீல்ஸ் போடுகிறேன், நாலு நொடியில் எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். உலகப் போர், ஜெர்மனி என்று ஆரம்பிப்பதுதான் சிக்கல். வீட்டுப் பெரியவர் ஒருவரை 'அவன் சரியான எம்டன்' என்று சொல்லவைத்துத் தொடங்குங்கள். நம் பேச்சில் இன்னும் மிதக்கிற கப்பல் அது!

அப்புறம் 1914 செப்டம்பர் 22. இரவு 9.30 மணி வாக்கில் குண்டுகள் விழுகின்றன; துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிகின்றன. அந்த வெளிச்சத்தைக் காசிமேட்டிலிருந்து பார்த்த ஒரு மீனவப் பெண் பேசட்டும். ஆனால் அவர் கற்பனைப் பாத்திரம் என்று திரையிலேயே எழுதிவிடுங்கள். அன்று உயிரிழந்தவர்கள் நிஜமான மனிதர்கள், அவர்கள் கதையில் கலப்படம் கூடாது.

கடைசிக் காட்சியை உயர் நீதிமன்ற மதிலில் உள்ள எம்டன் நினைவுக் கல்லருகே எடுங்கள்.