ரோம வரலாறு படிக்கட்டும், முதலில் 193 ஓட்டுகளை எண்ணிப் பார்க்கட்டும்

பிளஸ் டூ முடித்த மகன் பி.ஏ. வரலாறு சேர்ந்து ரோமானியர்களைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்கிறான், இதை வைத்து எப்படிப் பிழைப்பான் என்று கேட்கிறீர்கள், அம்மா. பயம் நியாயம்தான். ஆனால் தடுப்பதற்கு முன், அவனுக்குப் பிடித்தது வரலாறா, திரையில் பார்த்த கிளாடியேட்டரா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த விடுமுறையில் சீசருக்கு முந்தைய ரோமைப் படிக்கச் சொல்லுங்கள். மன்னராட்சி ஒழிந்ததாகச் சொல்லப்படும் கி.மு. 509 முதல் வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜோடு முதல் போர் மூண்ட கி.மு. 264 வரை. அங்கே பளபளப்பு குறைவு. கடன், சட்டம், ஓட்டுக்கணக்குதான் அதிகம்.

பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: ரோம் நகரில் ஏழைக் குடிமகனுக்கும் ஓட்டு இருந்தும் அவன் பேச்சு ஏன் எடுபடவில்லை? ஆண்டுதோறும் ஆட்சித் தலைவர்களான இரண்டு கான்சல்களைத் தேர்ந்தெடுத்த சபையில் 193 பிரிவுகள். பிரிவுக்கு ஒரே ஓட்டு. குதிரைப்படைக்கு 18, சொத்து அதிகமுள்ள முதல் வகுப்புக்கு 80. இரண்டும் சேர்ந்தால் 98, பெரும்பான்மைக்கு 97 போதும். சொத்தே இல்லாதவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் அவர்களுக்கு ஒரே பிரிவு. மேலிருந்து ஓட்டுப் போட்டு வருவார்கள். பெரும்பான்மை கிடைத்ததும் நிறுத்திவிடுவார்கள். இதைத் தாளில் போட்டுப் பார்த்து, 'அடேங்கப்பா!' என்கிறானா? பையனிடம் சரக்கு இருக்கிறது. கொட்டாவி விட்டால் வேறு படிப்பைப் பார்க்கலாம்.

மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பாட்ரீசியன் என்றால் பணக்காரன், பிளபியன் என்றால் ஏழை என்று எழுதிவிடுவார்கள். பாட்ரீசியன் என்பது சில குடும்பங்களுக்குப் பிறப்பால் வந்த தகுதி. மற்றக் குடிமக்கள் பிளபியன்கள். பிளபியன்களிலும் வசதியானவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பதவி வேண்டும், ஏழைகளுக்குக் கடனிலிருந்து விடுதலை வேண்டும். கி.மு. 494-இல் பிளபியன்கள் ஊரைவிட்டு வெளியேறி தங்களைக் காக்கும் டிரிப்யூன் பதவியைப் பெற்றார்கள் என்பது மரபு. கி.மு. 367-இல் கான்சல் பதவி அவர்களுக்கும் திறந்தது. கி.மு. 287-இல் பிளபியன் சபையின் முடிவு எல்லோரையும் கட்டுப்படுத்தும் சட்டமானது. 'மரபு' என்று சொல்லக் காரணம் இருக்கிறது: ரோமின் முதல் வரலாற்றாசிரியர் ஃபேபியஸ் பிக்டர் எழுதியதே கி.மு. 200 வாக்கில்தான். இந்த எச்சரிக்கை இல்லாமல் எழுதும் விடை முதுகலையில் அடிவாங்கும்.

ரோமின் பலம் எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்டுப் பாருங்கள். 'வீரம்' என்று பதில் வந்தால் இன்னும் படிக்கட்டும். கி.மு. 338-இல் அக்கம்பக்கத்து லத்தீன் நகரங்களை அடக்கியபின், ரோம் ஒவ்வொன்றோடும் தனித்தனி ஏற்பாடு செய்தது. சிலருக்கு முழுக் குடியுரிமை, சிலருக்கு ஓட்டில்லாத குடியுரிமை. கூட்டாளிகள் கப்பம் கட்ட வேண்டாம், படைக்கு ஆள் அனுப்பினால் போதும். அதனால்தான் ரோமோடு மோதிய கிரேக்க மன்னர் பிர்ரஸ் கி.மு. 280, 279 போர்களில் வென்றும் தேய்ந்தார், தோற்ற ரோம் மறுபடி ஆள் திரட்டிக்கொண்டு வந்தது.

இனி வேலை. சிவில் சர்வீஸ் மெயின்ஸ் பொதுப்பாடத்தில் உலக வரலாறு 18-ஆம் நூற்றாண்டில்தான் தொடங்குகிறது. ரோமை நம்பி அந்தப் பக்கம் போக வேண்டாம். பள்ளி ஆசிரியர் என்றால் பி.எட்., கல்லூரி என்றால் எம்.ஏ.வுக்குப் பின் நெட் அல்லது செட் தகுதித் தேர்வு. இரண்டிலும் இந்திய வரலாறுதான் சோறு போடும், ரோம் கூடுதல் பலம். தொல்லியல் பிடித்தால் முதுகலைக்குப் பின் கிரேட்டர் நொய்டாவில் இந்தியத் தொல்லியல் துறையின் இரண்டாண்டு டிப்ளமா உண்டு. தமிழ்நாட்டில் ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள் நிறையக் கிடைத்திருப்பதால், கல்வெட்டுத் தமிழோடு லத்தீன் எழுத்தும் வாசிக்கத் தெரிந்தவனுக்கு நாணயவியலில் இடமுண்டு.

ரோமிலேயே பிஎச்.டி. செய்ய ஆசையென்றால் லத்தீன் இல்லாமல் வண்டி நகராது. அதை முதலாண்டிலேயே தொடங்க வேண்டும்; எம்.ஏ. முடித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இரண்டு வருடம் வீண். சேரும் முன் அந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்தை வாங்கி, உலக நாகரிகங்கள் தாளில் ரோமுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள்.