ஜார்ஜியா எழுத்துருவின் தடித்த சாய்வெழுத்து: கேள்வி பதில்

கேள்வி: சாய்வெழுத்து (இட்டாலிக்) என்பது நிமிர்ந்த எழுத்தைச் சற்றே சரித்துப் போட்டதுதானே?

இல்லை. ஜார்ஜியா எழுத்துருவில் ஆங்கிலச் சிறிய 'ஏ'யைப் பெரிதாக்கிப் பாருங்கள். நிமிர்ந்த வடிவில் மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வயிறு என இரண்டு அடுக்கு. சாய்வில் மேல் அடுக்கே கிடையாது. பேனாவை எடுக்காமல் எழுதிய ஒற்றை வயிறுதான். அது கையெழுத்திலிருந்து பிறந்த வேறு வடிவம். 1501-இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற அச்சகர், ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் கவிதைகளை முழுக்கச் சாய்வெழுத்திலேயே அச்சிட்டார். அந்த எழுத்துகளை உலோகத்தில் வெட்டிக் கொடுத்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. பெரிய எழுத்துகள் மட்டும் நிமிர்ந்தே நின்றன. தடித்த எழுத்து அப்போது இல்லை. வாசகத்துக்கு நடுவே ஒரு சொல்லை எடுத்துக்காட்டத் தடித்த எழுத்து என்ற வழக்கத்துக்கு முன்னோடி, லண்டனில் 1845-இல் வெளியான கிளாரண்டன் என்ற எழுத்துரு. பிறப்பில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி கொண்ட இரண்டையும் ஓர் எழுத்துக்குள் சேர்ப்பது கடினமான வேலை. கோடு தடிக்கத் தடிக்க வயிற்றுக்குள் இருக்கும் வெள்ளை சுருங்கும். அதைக் காப்பாற்ற, வரைபவர் எழுத்தின் அகலத்தைக் கூட்ட வேண்டும்.

கேள்வி: ஜார்ஜியாவின் தடிப்பு அளவுக்கு மீறிக் கனமாகத் தெரிகிறதே?

அன்றைய கணினித் திரைதான் காரணம். எழுத்துரு வடிவமைப்பாளர் மேத்யூ கார்ட்டர் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்காக வரைந்த இந்த எழுத்துரு 1996-இல் வெளிவந்தது. அப்போது திரையில் சாதாரண எழுத்தின் கோடு ஒரு புள்ளி (பிக்சல்) அகலம். தடிக்க வேண்டுமானால் இரண்டு புள்ளி, ஒன்றரைக்கு வழியில்லை. கார்ட்டர் முதலில் புள்ளிகளை அடுக்கிப் பார்த்துவிட்டு, அதன் பிறகே வளைகோடுகளை வரைந்தார்.

கேள்வி: முன்னுரை முழுவதையும் தடித்த சாய்வில் போடலாமா?

வேண்டாம். தடித்த தலைப்புக்குள் ஒரு நூலின் பெயர் வரும்போது போடுங்கள்.

கேள்வி: விலைப்பட்டியலில் எண்கள் ஏறி இறங்குகின்றன.

ஜார்ஜியாவில் 3, 4, 5, 7, 9 கீழே இறங்கும். 6, 8 மேலே எழும். ஓடும் வரிகளில் அது அழகு. பட்டியலுக்கு வேறு எழுத்துரு எடுங்கள்.

கேள்வி: சாய்வுப் பொத்தான் இருக்கும்போது சாய்வுக்கென்று தனி எழுத்துருக் கோப்பு எதற்கு?

இதே கேள்வி நான்கு பேரிடமிருந்து வந்திருக்கிறது. கோப்பு இல்லையென்றால் மென்பொருள் நிமிர்ந்த எழுத்தையே சரித்துக் காட்டும். 'ஏ'யைப் பாருங்கள், இரண்டு அடுக்கு இருந்தால் அது போலி. அச்சுக்கு அனுப்பும் முன் பாருங்கள்.

கேள்வி: தமிழ்ச் சொற்களையும் இப்படிச் சாய்க்கலாமா?

ஜார்ஜியாவில் தமிழ் எழுத்துகளே இல்லை. கணினி வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துச் சரித்துவிடுகிறது. 'ப' சரிந்த பெட்டியாகிறது, 'ழ'வின் சுழி நசுங்குகிறது. நூற்பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள்.

மறுப்பு: கூகுளின் 'நோட்டோ செரிஃப் தமிழ்' எழுத்துருவில் சாய்ந்த வடிவம் இருக்கிறதே! தமிழுக்கு மட்டும் ஏன் தடை?

இருக்கிறது. அது முதலில் வந்த பெயரைக் கவனியுங்கள்: 'ஸ்லான்டட்' (சரிந்தது), 'இட்டாலிக்' அல்ல. சரிந்தது என்று அதுவே சொல்கிறது. நான் தடை போடவில்லை. வெனிஸில் நடந்ததுபோல, நம் கையெழுத்திலிருந்து ஒரு சாய்வெழுத்து வரையப்பட வேண்டும் என்கிறேன். அதைப் பார்க்க எனக்கு மிகுந்த ஆசை.

மறுப்பு: அப்படியானால் ஓலைச்சுவடியிலிருந்து தொடங்கலாம்.

ஓலை உதவாது. எழுத்தாணி எல்லாத் திசையிலும் ஒரே கனத்தில் கீறும். தடிப்பும் மெலிவும் பட்டை முனைப் பேனாவில் கிடைக்கும். அந்தப் பேனாவால், வேகமாக, நூறு முறை 'ழ' எழுதிப் பாருங்கள். எந்த இடத்தில் கை தானாக வளைகிறதோ அங்கிருந்து வரையத் தொடங்குங்கள்.