மார்க் கேட்காத ஒருவர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். தேனி பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் நீங்கள் எழுதுவதைப் போனில் படிப்பேன்.

என் அண்ணன் மகன் இந்த வருடம் பிளஸ் டூவில் இரண்டு பாடங்களில் தேறவில்லை. ரிசல்ட் வந்த நாளிலிருந்து அண்ணன் அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அண்ணி அழுதுகொண்டே இருக்கிறார். அவன் சாயங்காலமானால் என் கடைக்கு வந்து ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். கடை சாத்தும்போது எழுந்து போய்விடுவான். நானும் எதுவும் கேட்பதில்லை. என்ன கேட்பதென்றே தெரியவில்லை. படித்தவனாக இருந்தால் நல்ல வழி சொல்லியிருப்பேன்.

இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களிடமிருந்து முக்கியமாக என்ன வேண்டும்? அவனுக்குத் தைரியம் வருகிற மாதிரி நாலு வரி எழுதிக் கொடுங்கள், படித்துக் காட்டுகிறேன். பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கும் ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அவன் தினமும் உங்கள் கடைக்கு வருகிறான். பதினேழு வயதுப் பையனுக்கு ஊரில் போய் உட்கார எத்தனையோ இடங்கள் இருக்கும். நண்பர்கள் இருப்பார்கள், டீக்கடை இருக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு அவன் சித்தப்பாவின் கடைக்கு வருகிறான் என்றால், இப்போதைக்கு அவனிடம் யாரும் மார்க் கேட்காத இடம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதனால் நான் எழுதிக் கொடுத்து நீங்கள் படித்துக் காட்டுவது வேண்டாம். அதைத் தொடங்கிய நாளிலேயே உங்கள் கடையும் இன்னொரு வகுப்பறை ஆகிவிடும். அவன் வருவதை நிறுத்திவிடுவான்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. இந்த வயதில் ஒருவருக்கு மிகவும் தேவைப்படுவது, தேர்வில் ஜெயித்தாலும் தோற்றாலும் தன்மேல் வைத்திருக்கும் மதிப்பை மாற்றிக்கொள்ளாத ஒரு பெரியவர். ஒரே ஒருவர் இருந்தால்கூடப் போதும். இதை நான் வெறும் நல்லெண்ணத்தில் சொல்லவில்லை. இதற்குப் பின்னால் பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது.

ஹவாய் தீவுக்கூட்டத்தில் கவாய் என்று ஒரு தீவு. அந்தக் காலத்தில் கரும்புத் தோட்டங்கள் நிறைந்திருந்த இடம். ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் ஹவாய்ப் பூர்வகுடிகளின் பிள்ளைகளும் அங்கே சேர்ந்து வளர்ந்தார்கள். 1955இல் அந்தத் தீவில் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்த ரூத் ஸ்மித்தும் தொடர்ந்து கவனித்தார்கள். 1, 2, 10, 18, 32, 40 ஆகிய வயதுகளில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். வெர்னர் ஜெர்மனியில் பிறந்து, இரண்டாம் உலகப் போரின் நடுவே சிறுமியாக வளர்ந்தவர். அழிவுக்கு நடுவிலும் சில குழந்தைகள் எப்படி முழுசாக வளர்ந்து வருகிறார்கள் என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

அந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிகவும் கஷ்டமான சூழலில் பிறந்தவர்கள். வறுமை, பிரசவத்தில் சிக்கல், குடிக்கும் தந்தை, மனநோயால் அவதிப்படும் தாய், ஓயாத சண்டை என்று ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பல சுமைகள். அவர்களில் மூன்றில் இரண்டு பேர் பள்ளியிலோ பிறகோ பிரச்சினைகளில் மாட்டினார்கள். மீதி இருந்தவர்கள், 72 பேர், நம்பிக்கையும் பொறுப்பும் அன்பும் உள்ள மனிதர்களாக வளர்ந்து நின்றார்கள். இவர்களுக்கு மட்டும் என்ன கிடைத்தது என்று தேடினால் பல விஷயங்கள் வருகின்றன. பிறவியிலேயே இருந்த சுபாவமும் அதில் உண்டு. ஆனால் திரும்பத் திரும்பத் தெரிவது, அவர்களைச் சுற்றி இருந்த ஒரு மனிதர். பாட்டியோ, அத்தையோ, மாமாவோ, பக்கத்து வீட்டுக்காரரோ, பிடித்த ஆசிரியரோ. தாய் தந்தையால் முடியாமல் போன இடத்திலும் ‘நீ எனக்கு வேண்டியவன்’ என்று நடந்து காட்டிய ஒருவர்.

ஒரு பெரியவர் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் கவனித்துப் பாருங்கள், அந்தப் பட்டியலில் நிபுணர்கள் முன்னால் இல்லை. பாட்டியும் அத்தையும் மாமாவும்தான் இருக்கிறார்கள். ‘படித்தவனாக இருந்தால்’ என்று நீங்கள் எழுதியிருப்பதற்கு இதுதான் என் பதில். நம் குடும்பங்களிலும் இந்த இடம் முன்பு இருந்தது. அப்பாவிடம் சொல்ல முடியாததைத் தாய்மாமனிடம் சொல்லலாம், அம்மா திட்டினால் அத்தை வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். இப்போது அந்த மாமாவும் அத்தையும் முதலில் கேட்பது ‘எவ்வளவு மார்க்?’ என்றுதான். 2017இல் தமிழ்நாடு அரசு பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தியது. நல்ல முடிவு. குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அந்த அறிவிப்பு இன்றும் நிற்கவில்லை. அங்கே தோற்ற பிள்ளைக்கு ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

இதில் ஒரு விஷயம் அவசரமானது. 2022இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை சொல்கிறது. தேர்வுத் தோல்வி அதற்கான காரணங்களில் ஒன்று மட்டும்தான், ஆனால் சிறிய காரணம் இல்லை. உங்கள் பையன் அப்படி நினைக்கிறான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவன் சரியாகத் தூங்காமல் இருந்தால், தன் பொருள்களை யாருக்காவது கொடுத்தால், ‘நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நிம்மதி’ என்கிற மாதிரி ஒரு வார்த்தை விட்டால், சும்மா இருந்துவிடாதீர்கள். ‘செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்பதே பல பேருக்குப் பாரத்தை இறக்கிவைக்க வழியாகிறது. ஆமாம் என்று சொன்னால் அவனைத் தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். மாநில அரசின் 104 எண்ணும் இருக்கிறது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ரகசியம் காப்பது தவறு, உடனே அண்ணனிடமும் அண்ணியிடமும் சொல்லிவிட வேண்டும்.

மற்றதெல்லாம் உங்களோடு இருக்கட்டும். அவன் இன்றில்லாவிட்டாலும் ஒருநாள் பேசுவான். பேசியதை ராத்திரியே அண்ணன் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டீர்கள் என்றால் அதுவே கடைசிப் பேச்சாகிவிடும். அண்ணன் கேட்பார், ‘உன்கிட்ட என்ன சொன்னான்?’ என்று. ‘கடையில் நன்றாகத்தான் இருக்கிறான் அண்ணா, மற்றதை அவனே சொல்லட்டும்’ என்று சொல்லிப் பழகுங்கள். அண்ணனைக் குற்றவாளியாகப் பார்க்க வேண்டாம். அவர் பேசாமல் இருப்பதற்குக் கோபத்தைவிடப் பயம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. மகனிடம் எங்கே தொடங்குவது என்று அவருக்கும் தெரியவில்லை. அந்தப் பக்கமும் உங்களை மாதிரி ஒருவர் தேவைப்படுகிறார்.

அப்புறம், அவனுக்கு வேலை கொடுங்கள். ‘படிக்கத்தான் வரவில்லை, இதையாவது செய்’ என்று தண்டனை மாதிரி கொடுக்கக் கூடாது. கவாய்த் தீவில் மீண்டு வந்த பிள்ளைகளில் பலரிடம் வெர்னர் பார்த்த இன்னொரு விஷயம், அவர்கள் சின்ன வயதிலேயே வீட்டுக்கு உண்மையில் தேவைப்பட்டவர்களாக இருந்தார்கள் என்பது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டார்கள், வீட்டு வேலையைச் சுமந்தார்கள். தான் இல்லாவிட்டால் ஒரு காரியம் நின்றுபோகும் என்று தெரிந்த பிள்ளைக்குத் தன்மேல் ஒரு மதிப்பு வந்துவிடுகிறது. நம் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பையே நாம் கொடுப்பதில்லை. ‘நீ படி, அது போதும்’ என்று தட்டில் சோறு வைத்துக் கொடுத்துவிட்டு, படிப்பில் தோற்றதும் அவன் கையில் வேறொன்றும் இல்லாமல் ஆக்கிவிடுகிறோம். இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம்.

உங்கள் கடையில் அவன் செய்ய எவ்வளவோ இருக்கிறது. சுவிட்ச், ஒயர், எம்சிபி என்று சரக்கு இருப்பைக் கணக்கெடுப்பது, பில் போடுவது, தீர்ந்துபோனதற்கு ஆர்டர் சொல்வது. நீங்கள் சாப்பிடப் போகும்போது கல்லாவை அவனிடம் விட்டுப் போங்கள். திரும்பி வந்து அவன் எதிரில் பணத்தை எண்ணாதீர்கள். செய்த வேலைக்குச் சம்பளம் கொடுங்கள், அண்ணன் மகன்தானே என்று விட்டுவிடாதீர்கள். ஒயரிங் பக்கம் மட்டும், முறையாகக் கற்றுக்கொள்ளும்வரை கரண்ட் உள்ள எதிலும் கை வைக்க விட வேண்டாம். அவன் பில்லில் தப்புப் போட்டால் வாடிக்கையாளர் முன்னால் திருத்தாமல் அவர் போன பிறகு சொல்லுங்கள். மகன் இப்படிக் கடையைப் பார்த்துக்கொள்கிறான் என்பதை அண்ணன் ஒருநாள் தற்செயலாக வந்து பார்க்கும்படி செய்தால் இன்னும் நல்லது.

தைரியம் சொல்லும் பேச்சுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. பள்ளிகளில் யாரையாவது கூட்டிவந்து மேடையில் கத்தவைக்கிறார்கள். கைதட்டல் அடங்கும்போது பேசியவர் கார் ஏறிவிடுகிறார். அடுத்த நாள் காலையில் அந்தப் பையனோடு யார் இருக்கிறார்கள்? நீங்கள் இருக்கிறீர்கள். நாளையும் கடை திறப்பீர்கள்.

கவாய் ஆய்வில் எனக்கு மிகப் பிடித்த பகுதி கடைசியில் வருகிறது. பதின்பருவத்தில் தடம் மாறிப்போனவர்களில் பெரும்பாலானவர்கள் 32, 40 வயதில் பார்த்தபோது நல்ல நிலைக்குத் திரும்பியிருந்தார்கள். சிலர் வயது வந்த பிறகு உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்து படித்தார்கள், சிலருக்கு ராணுவ வேலை, சிலருக்கு நல்ல துணை. 18 வயதில் அவர்களின் கணக்கை முடித்திருந்தால் அத்தனை பேரைப் பற்றியும் தப்பாக எழுதியிருப்பார்கள். இதை அண்ணனிடம் சொல்லுங்கள், அவருக்குத்தான் இது முதலில் தேவை.

இனி நடைமுறை. தேறாத இரண்டு பாடங்களுக்கும் துணைத்தேர்வு உண்டு. அவன் படித்த பள்ளி மூலமாகவே விண்ணப்பிக்கலாம், ஆனால் அதற்குத் தரும் நாட்கள் குறைவு. தேதியையும் கட்டணத்தையும் நீங்களே பள்ளியில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை வைத்தே ஐடிஐயில் எலெக்ட்ரீஷியன் பிரிவில் சேரலாம், இரண்டு வருடப் படிப்பு. உங்கள் கடையைப் பார்த்துவிட்டு அவனுக்கே அதில் ஆசை வரலாம், வராமலும் போகலாம். இரண்டு வழியையும் ஒரே ஒரு முறை, கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லிவிட்டு, முடிவை அவனிடம் விடுங்கள். கட்டணத்துக்குப் பணம் வேண்டுமென்றால் அவன் சம்பாதித்த சம்பளத்திலிருந்தே கட்டட்டும்.

அன்புடன்