பாலிசிக்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. பனியன் கம்பெனியில் 12 வருடமாக கட்டிங் மாஸ்டர். சம்பளம் 19,500 ரூபாய். கொஞ்ச நாளாகக் கத்தரி கையில் நிற்பதில்லை, சட்டைப் பொத்தான் போடவே சிரமப்படுகிறார், நடையும் தள்ளாடுகிறது. கழுத்தில் தண்டுவடம் நசுங்கியிருப்பதாக எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. சீக்கிரம் ஆபரேஷன் செய்யச் சொல்லிவிட்டார் டாக்டர். தனியார் மருத்துவமனையில் நாலேகால் லட்சம் கேட்கிறார்கள். எங்கள் மெடிக்ளைம் பாலிசிக்கு 20 மாதம்தான் ஆகிறது. முதுகெலும்புச் சிகிச்சைக்கு 24 மாதம் முடிய வேண்டுமாம். நாலு லட்சம் ஃபிக்சட் டெபாசிட் முதிர இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. நாலு மாதம் பொறுக்கலாமா, டெபாசிட்டை உடைக்கலாமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: பொறுக்க வேண்டாம் அம்மா. இந்த ஆபரேஷனின் முதல் நோக்கம் பாதிப்பு மேலும் கூடாமல் தடுப்பது. எலும்போ டிஸ்க்கோ அழுத்துவதை எடுத்துவிட்டால் பலருக்குக் கையும் நடையும் ஓரளவு தேறும். ஆனால் நெடுநாள் நசுங்கிக் கிடந்த தண்டுவடம் முழுதாக மீளும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. உங்கள் வீட்டு வருமானமே அந்தக் கை.

காத்திருந்தாலும் பாலிசிப் பணம் நிச்சயமில்லை. பாலிசி எடுக்கும் முன்பே கழுத்துவலிக்கு வைத்தியம் பார்த்த சீட்டு இருந்தால், ஏற்கெனவே இருந்த நோய் என்று சொல்லி 36 மாதம் வரை மறுக்க இடமுண்டு. நோய் தொடங்கிய தேதியை மாற்றி எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்டுவிடாதீர்கள். பாலிசியே ரத்தாகலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பதால் அவருக்கு ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு இருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம், அதாவது 147 ரூபாய், பிடித்திருக்கிறார்களா என்று இன்றே பாருங்கள். பிடித்தம் இருந்தால் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டோடு ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே வசதி இல்லையென்றால், ஒப்பந்தம் உள்ள பெரிய மருத்துவமனைக்கு அவர்களே பரிந்துரைக் கடிதம் தருவார்கள். தகுதிக்கான சந்தா நாட்கள், அதாவது ஈ.எஸ்.ஐ.க்குப் பணம் கட்டிய நாட்கள், சரியாக இருந்தால் கைக்காசு போட வேண்டியதில்லை. கடிதம் வாங்காமல் தனியாரில் சேர்ந்துவிட்டு, பிறகு ஈ.எஸ்.ஐ.யில் பணம் கேட்பது பெரும் அலைச்சல்.

வேலைக்குப் போகாத நாட்களுக்கும் ஈ.எஸ்.ஐ. பணம் தரும். சாதாரண நோய்க்கு வருடத்தில் 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம். உங்கள் கணக்கில் மாதம் சுமார் 13,650 ரூபாய். நீடித்த நோய்களுக்கென்று ஒரு தனிப் பட்டியலும் உண்டு, தண்டுவட அழுத்தம் அதில் இருக்கிறது. இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்து, தேவையான சந்தாவும் கட்டியிருந்தால், 91 நாளுக்குப் பிறகு 80 சதவீதம், இரண்டு வருடம் வரைகூடக் கிடைக்கலாம். பலர் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை, அதுதான் எனக்கு வருத்தம். ஈ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றுகளை ஒன்றுவிடாமல் வாங்கி வையுங்கள்.

டாக்டர் சொன்ன கெடுவுக்குள் ஈ.எஸ்.ஐ. வேலை முடியாது என்று தெரிந்தால் டெபாசிட்டை உடைத்துவிடுங்கள். வட்டி ஒன்றேகால் சதவீதம் குறைந்தாலும், 17 மாதம் ஓடிய டெபாசிட்டில் சுமார் 7,000 ரூபாய்தான் நஷ்டம். ஈ.எஸ்.ஐ. கைகொடுத்தால் அந்த நாலு லட்சத்தைத் தொடாதீர்கள். பிசியோதெரபி மாதக்கணக்கில் ஓடும், பழைய கட்டிங் வேலைக்கே திரும்ப முடியாமலும் போகலாம். மெடிக்ளைம் பிரீமியத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு புதுப் பாலிசி கிடைப்பது கடினம்.