டியூப் டெஸ்ட்டுக்கு மயக்க மருந்து அவசியமா?

கேள்வி: எனக்கு 28 வயது, ஏற்காட்டில் இருக்கிறோம். கல்யாணமாகி மூன்று வருடமாகக் குழந்தை இல்லை. கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க சேலம் டாக்டர் எச்.எஸ்.ஜி. எழுதிக் கொடுத்திருக்கிறார். நாத்தனார் ‘உயிர் போய் உயிர் வரும்’ என்கிறார். மயக்கம் கொடுத்துச் செய்யும் இடத்துக்குக் கூட்டிப்போவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். போகலாமா?

பதில்: வேண்டாம்மா. எச்.எஸ்.ஜி. என்பது கர்ப்பப்பைக்குள் எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்தி, அது குழாய் வழியாகப் போகிறதா என்று படமெடுத்துப் பார்ப்பது. பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பரிசோதனைக்கு மயக்கம் தேவைப்படாது. மருந்தைச் செலுத்தும் அந்த ஓரிரு நிமிடம் மாதவிலக்கு வலி போல, சிலருக்கு அதைவிடக் கூடுதலாகவே, அடிவயிற்றைப் பிடித்து இழுக்கும். வலிக்கவே வலிக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். மொத்த வேலையும் 10, 15 நிமிடத்தில் முடிந்துவிடும்.

உங்கள் நாத்தனாருக்கு அவ்வளவு வலித்ததற்கு, யாரும் எதையும் சொல்லாமல் படுக்க வைத்ததும் காரணமாக இருக்கலாம். பயந்தால் இடுப்புத் தசை இறுகும், இறுகினால் வலி கூடும். நான் முதலில், பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் கருவியான ஸ்பெகுலத்தைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். வாத்து மூக்கு போல இருக்கும், அவ்வளவுதான். அதை வெந்நீரில் காட்டிவிட்டு, ‘இப்போது வைக்கிறேன், மூச்சை மெதுவாக விடு’ என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே செய்தால், விரிப்பை இறுக்கிய விரல்கள் தானாகத் தளரும். ‘காலை விரி, கத்தாதே’ என்று அதட்டுவதற்கு எதற்கு டாக்டர்? ஓ.பி.யில் கூட்டம் என்பதெல்லாம் சாக்கு. இரண்டு நிமிடம் பேச நேரமில்லாத ஏற்பாட்டை எத்தனை வருடமாகச் சகித்துக்கொண்டிருக்கிறோம்! ‘நிறுத்துங்கள்’ என்றால் நிறுத்துவீர்களா என்று முன்னமே கேளுங்கள். செய்பவர் ஆண் என்றால், உடன் ஒரு பெண் இருந்தே ஆகவேண்டும்.

மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து எண்ணி 6ஆம் நாளுக்கும் 10ஆம் நாளுக்கும் இடையில், ரத்தம் நின்றபின் போங்கள். பரிசோதனை முடியும்வரை தாம்பத்தியம் வேண்டாம், வயிற்றில் கரு இருந்துவிடக்கூடாது. சாப்பிட்டுவிட்டே போகலாம். ஒரு மணி நேரம் முன்பு போட வலி மாத்திரை எழுதித் தரச் சொல்லுங்கள்; அல்சர், ஆஸ்துமா, அயோடின் அலர்ஜி இருந்தால் சொல்லிவிடுங்கள். நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

அப்புறம் அந்தத் ‘தெரிந்தவர்’. ஸ்கேன் சென்டருக்கு ஆள் பிடித்துக் கமிஷன் வாங்கும் புரோக்கர்களை நிறையப் பார்த்துவிட்டேன். தேவையில்லாத மயக்கத்துக்கு ஒரு பில், படத்தில் ‘அடைப்பு’ என்று வந்ததும் நேராக டெஸ்ட் டியூப் பேபி பேக்கேஜ். இங்கேதான் கவனமாக இருக்கவேண்டும். கர்ப்பப்பையிலிருந்து குழாய் தொடங்கும் இடம், வலியிலும் பயத்திலும் சுருங்கி மூடிக்கொள்வதுண்டு. மருந்து உள்ளே போகாது, படத்தில் அடைப்பு போலவே தெரியும். அது அடைப்பாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. எங்கே நின்றது என்று பாருங்கள்: கர்ப்பப்பை ஓரத்திலேயே நின்றிருந்தால் சுருக்கமாக இருக்கலாம். குழாயின் கடைசியில் வீங்கி நின்றிருந்தால் அது வேறு விஷயம். முதல் வகை என்றால் ஒரே படத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். இன்னொரு முறை எடுத்தோ, லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா வழியாகப் பார்ப்பது) செய்தோ உறுதிசெய்யுங்கள். படத்தைக் கையோடு வாங்கிக்கொண்டு, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை மகளிர் பிரிவிலோ வேறு டாக்டரிடமோ காட்டுங்கள்.

கணவருக்கு விந்துப் பரிசோதனை ஆகிவிட்டதா? நீங்கள் எழுதவில்லை. ஆகவில்லை என்றால் முதலில் அதுதான். செலவு குறைவு, வலியே இல்லை. அதைச் செய்யாமல் பெண்ணை மேசையில் ஏற்றுவது எனக்கு இன்றும் ஆத்திரமூட்டுகிறது.

முடிந்ததும் ஒரு மணி நேரம் சேலத்திலேயே படுத்திருங்கள். அடிவயிற்று வலியோடு 20 கொண்டை ஊசி வளைவு பஸ்ஸில் ஏறவேண்டாம். இரண்டொரு நாள் லேசாக ரத்தம் படும். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, நாற்றமுள்ள கசிவு வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே மலையிறங்கி வந்துவிடுங்கள்.