மாமா கொண்டுவந்த விளம்பரமும் மகளின் நோட்டும்

போன வாரம் மகளின் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பிளஸ் ஒன் கணிதப் பிரிவில் படிக்கும் மகள், கூடவே தாய்மாமா. கோடை விடுமுறையில் மகளை வீடியோ கேம் வடிவமைப்பு அறிமுக வகுப்பில் சேர்த்திருந்தார்கள். ஆறு வாரத்தில் மூன்று கேம் செய்துவிட்டாள். அதைப் பார்த்த மாமா, ஒரு தனியார் கல்லூரியின் கேமிங் பட்டப்படிப்பு விளம்பரத்தோடு வந்துவிட்டார். மூன்று வருடத்துக்கு 11 லட்சம். கடன் வாங்கியாவது சேர்த்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

பத்து நிமிடம் ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். அப்புறம் நேராகவே சொல்லிவிட்டேன்: கடன் வாங்கி இதில் சேர்க்காதீர்கள்.

அந்த விளம்பரத்தில் பாதிக்கு மேல் மென்பொருள்களின் பெயர்கள்தான். கேம் செய்ய உதவும் மென்பொருளைத் தரும் யூனிட்டி நிறுவனம், கேம் ஓர் அளவைத் தாண்டி ஓடினால் அதன்பின் ஒவ்வொரு முறை நிறுவப்படும்போதும் கட்டணம் வாங்கப்போவதாக 2023 செப்டம்பரில் அறிவித்தது. கேம் செய்பவர்கள் கொதித்துப்போனார்கள். பலர் கோடோ என்ற இலவச மென்பொருளுக்கு மாறினார்கள். ஒரு வருடம் கழித்து அந்தக் கட்டணத்தையே கைவிட்டது நிறுவனம். மென்பொருள் நிலவரம் இப்படி மாறும்போது, அதன் பெயரை நம்பி 11 லட்சம் கட்டுவதா?

சரி, பெண் என்ன செய்திருக்கிறாள்? மாமா பெருமையாகக் காட்டியது முதல் கேமை. ஒரு பொம்மை குதித்துக் குதித்துக் காசு பொறுக்குகிறது. அதன் நிரல் யூடியூபைப் பார்த்துப் போட்டது என்று அவளே சொன்னாள். "யாரும் சொல்லாமல் நீயாகச் செய்தது எது?" என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள்.

சிறுவர்களும் எளிதாக நிரல் போட உதவும் ஸ்கிராட்ச்சில் அவள் செய்த மூன்றாவது கேம், நம் ஆடு புலி ஆட்டம். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. ஆடுகளை வைத்து ஆடிய தம்பி தோற்றுக்கொண்டே இருந்தானாம். புலியை இரண்டாகக் குறைத்தாள். ஆட்டமே சப்பென்று ஆகிவிட்டது. மறுபடி மூன்றாக்கி, ஆட்டை வெட்டிய புலி அடுத்த முறை நகரக் கூடாது என்று விதி போட்டாள். அதன்பின் ஆடிய 22 ஆட்டங்களையும் தேதி போட்டு, ஜெயித்தது யார் என்று எழுதி வைத்திருக்கிறாள். புலி 13, ஆடு 9. வீட்டில் ஒருவரும் அந்த நோட்டைத் திறந்ததில்லை!

கேம் வடிவமைப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது. அவளுக்கு ஓவியத்திலோ நிரலிலோ மனம் இல்லை. விதியை மாற்றினால் என்ன ஆகும் என்பதில் இருக்கிறது. பொறியியலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் சொன்னது, யாரும் நினைத்துப் பார்க்காத பி.எஸ்சி. புள்ளியியல்.

மாமா முகம் சுருங்கியது. ஒரு கணக்குச் சொன்னேன். ஒரு கேமில் புதையல் பெட்டி திறந்தால் 10-ல் 1 முறை வாள் கிடைக்கும் என்று வையுங்கள். 10 பெட்டி திறந்தும் வாள் கிடைக்காதவர்கள் எத்தனை பேர்? 100-க்குக் கிட்டத்தட்ட 35 பேர். அவர்கள் எரிச்சலில் கேமை மூடிவிடுவார்கள். அதனால்தான் பல கேம்களில், இத்தனை பெட்டிக்குள் நிச்சயம் கிடைக்கும் என்று ஒரு விதி வைக்கிறார்கள். கேமின் ஒரு கட்டத்தை இரண்டு விதமாகச் செய்து, இரண்டு கூட்டத்திடம் கொடுத்து, எதில் அதிகம் பேர் நிலைக்கிறார்கள் என்று பார்ப்பதும் உண்டு. இதெல்லாம் புள்ளியியல்தான். அவளுடைய 13-க்கு 9-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். காசைச் சுண்டினாலும் 22-ல் 13 தலை சர்வசாதாரணமாக விழும். அப்படியானால் அவள் விதி நியாயமானதா இல்லையா என்று இன்னும் சொல்ல முடியாது. இதைக் கேட்டதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அரசுக் கலைக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்கள்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். கேம் வேலை அமையாவிட்டால் வங்கி, காப்பீடு, மருந்து ஆய்வு என்று கதவுகள் உண்டு. யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வும் எழுதலாம். பட்டம் முடித்தும் கேம் ஆசை குறையவில்லை என்றால் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடியின் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் வடிவமைப்புக்கு முதுகலைப் படிப்பே இருக்கிறது. செலவு செய்வதானால் அப்போது யோசிக்கலாம்.

லட்ச ரூபாய் கேமிங் லேப்டாப் பேச்சையும் அங்கேயே வெட்டிவிட்டேன். கோடோவில் சின்ன 2டி கேம் செய்ய வீட்டிலிருக்கும் பழைய லேப்டாப் போதும். விடுமுறைக்கு ஒரு கேம் போதும், அதுவும் சின்னதாக, ஆனால் முழுதாக முடித்ததாக இருக்கட்டும். பாதியில் நிற்கும் பெரிய கேமை யாரிடம் காட்டுவது?

கிளம்பும்போது, இப்போதைக்கு என்ன செய்வது என்று அப்பா கேட்டார். ஆட்டம் 22-ல் நிற்கிறது, 100 ஆகட்டும் என்றேன். தம்பிக்குச் சலித்துவிட்டதாம். எதிரே உட்கார மாமா இருக்கிறாரே.